வலது பக்கத் திரை

இரண்டு திரை வைத்து வேலை பார்த்துப் பழகிவிட்டால் ஒற்றைத் திரைக்குத் திரும்ப மனம் வராது, ஐயா. உங்கள் காவல் நிலையத்தில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு விண்டோவை மூடி, இன்னொன்றைத் திறந்து, பிறகு பழையதைத் தேடி, நான் சொல்வதை அடித்து முடிப்பதற்குள் உங்கள் எழுத்தருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது.

அத்தான் செத்ததற்கு நான் காரணமா என்று கேட்டீர்கள். உங்கள் கணினி நிபுணரோ ஏற்கெனவே பதில் எழுதிவிட்டார்: "இரண்டாவது திரையை அமைத்தவரின் அனுபவமின்மையால் நேர்ந்த பிழை." இதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். பெரிய மனசு உங்களுக்கு. ஆனாலும் போட முடியாது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அந்தக் குளிர்பதனக் கிடங்குக்கு அவர்தான் மேலாளர், நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவன். வேலை வாங்கிக் கொடுத்தது அவர் என்பதை நான் மறந்துவிடுவேனோ என்று அவருக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது. அதனால் ஊழியர்கள் எல்லாரும் இருக்கும்போது ஞாபகப்படுத்துவார். தனியாக இருக்கும்போது அந்த அக்கறை இருக்காது.

லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில் ஓடும் கம்ப்யூட்டர் ஒன்றோடு இரண்டு மானிட்டர்களை மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன். முதலில் இரண்டிலும் ஒரே படம் வந்தது. எங்கே மாட்டினாலும் முதலில் அப்படித்தான் வரும். அதைப் பிரித்து அகலப்படுத்தினால், வலப்பக்கம் வைத்த திரையை அது இடப்பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டது. அம்புக்குறியை வலப்பக்கம் நகர்த்தினால் சுவரில் முட்டியதுபோல நின்றது. செட்டிங்ஸுக்குள் போய், திரைகளைக் குறிக்கும் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயம். அதற்குள் அத்தான் ஆட்களைக் கூட்டிவிட்டார்.

"மாப்ளைக்கு வலது எது, இடது எதுன்னே தெரியல பாருங்கப்பா. சோத்துக் கைய காட்டச் சொன்னா எந்தக் கைய காட்டுவானோ."

எல்லாரும் சிரித்தார்கள். சம்பளம் தருகிறவர் ஜோக் சொன்னால் சிரிப்பதும் வேலைதான். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அன்று சாப்பாட்டு மேசையில் அதையே அக்காவிடமும் சொன்னார். அவளும் சிரித்தாள். சின்ன வயதில் எனக்கு அ, ஆ எழுதிக் கொடுத்தவள். அவமானமாக இருந்தது. இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

இடது திரையில் ஒவ்வொரு அறையின் குளிரும் எவ்வளவு என்று தெரியும். வலது திரை எச்சரிக்கைக்கு மட்டும். கிடங்கில் ஒவ்வொரு அறைக்குள்ளும் கதவோரம் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவர் அதை அழுத்தினால் வலது திரை முழுக்கச் சிவந்து, அதன் ஒலிபெருக்கியே அலறும். யாரும் மாட்டிக்கொள்ளாத நாட்களில் அது இருட்டாக இருக்கும். சும்மா இருக்கிற எதையும் அத்தானால் சகிக்க முடியாது.

"இது எதுக்குக் கரி புடிச்ச மாதிரி கிடக்கு? வீட்டுக்குக் கொண்டு போறேன். பெருசா படம் பார்க்கலாம்."

"அதுலதான் அத்தான் எச்சரிக்கை வரும்."

"எல்லாம் இந்த ஒண்ணுலயே வர்ற மாதிரி பண்ணு. அதுகூடத் தெரியாதா?"

போர்வையில் சுற்றி எடுத்துப் போனார். அவர் கேபிளைப் பிடுங்கிய அந்த நொடியே கம்ப்யூட்டர் புரிந்துகொண்டது. வலப்பக்கம் இருந்த எச்சரிக்கை விண்டோவைப் பத்திரமாக இடது திரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நான் விரலைக்கூட அசைக்கவில்லை. உங்கள் நிபுணருக்குத் தெரியாதது இதுதான். திரை போனது தெரியாமல் வெற்றிடத்தில் விண்டோவைத் திறக்கிற அளவுக்கு லினக்ஸ் முட்டாள் இல்லை.

அதை முட்டாளாக்க நான் மெனக்கெட வேண்டியிருந்தது. திரை பிடுங்கப்பட்டாலும் இருப்பதாகவே நம்பு என்று ஓர் ஆணை உண்டு. கம்ப்யூட்டர் எழும்பும்போதே அதைப் படிக்கும்படி எழுதி வைத்தேன். எச்சரிக்கை விண்டோ வலப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்று கட்டினேன். சத்தத்தையும் அந்தத் திரையோடே சேர்த்து அனுப்பினேன். ஆள் இல்லாத நேரம் மூன்றாம் அறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வந்து பார்த்தேன். இடது திரையில் ஓர் அசைவு இல்லை. அனுபவமின்மை என்று எழுதியிருக்கிறார் அந்தப் புண்ணியவான்.

அவர் செத்த அன்று அரை நாள் விடுமுறை. ஆட்கள் மதியமே கிளம்பிவிட்டார்கள். மூன்றாம் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து ரொம்ப நாளாகிறது. மாற்றலாம், மாற்றலாம் என்று அத்தான் இழுத்தடித்தார். அதனால் உள்ளே போகிறவர்கள் கதவிடுக்கில் ஒரு காலிப் பெட்டியை வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அத்தானும் வைத்தார். ஒரு நிமிடத்தில் வந்துவிடப் போகிறேன் என்று குளிர்ச்சட்டைகூடப் போடவில்லை. பெட்டியை நகர்த்தியது யார் என்று நேற்று கேட்டீர்கள். வழியில் கிடந்தது. நகர்த்தினேன்.

கொஞ்ச நேரம் நடுங்கட்டும் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்ததும் பல் கிட்டிப் பேச வராமல் நிற்பார், சாப்பாட்டு மேசையில் நானும் ஒரு கதை சொல்லலாம் என்று.

இடது திரை முன்னால் வந்து உட்கார்ந்தபோதுதான் ஒரு குறை கண்ணில் பட்டது. விண்டோ திறப்பது தெரியாவிட்டாலும் அதன் பெயர் திரையின் கீழ்ப்பட்டையில் தோன்றி மினுக்கியது. "மூன்றாம் அறை: ஆள் உள்ளே." சோதித்த அன்று அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. கீழ்ப்பட்டையை மறைத்தேன். அதன் பிறகு திரை சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் அக்கா போன் செய்தாள்.

"அத்தான் எங்கடா? போன் எடுக்க மாட்டேங்கறாரு."

"உள்ள வேலையா இருக்காருக்கா. அங்க சிக்னல் வராது."

"டிவி மாதிரி ஒண்ணக் கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டாரு. லேப்டாப்புல மாட்டினா ரெண்டுலயும் ஒரே படம் வருதுடா."

அவள் லேப்டாப்பிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான். செட்டிங்ஸுக்குள் எங்கே போக வேண்டும், எதை அழுத்த வேண்டும், எந்தப் பெட்டியை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாற்றம் சரியா என்று அது கேட்கும், கொஞ்ச நேரத்துக்குள் ஆமாம் என்று சொல்லாவிட்டால் பழையபடி மாறிவிடும். கண்ணாடியைத் தேடுவதற்குள் அவளுக்கு ஒவ்வொரு முறையும் மாறிவிட்டது.

"திரும்பப் பழையபடி ஆயிடுச்சுடா. உனக்கு வேலை இருக்குமே."

"ஒரு வேலையும் இல்லக்கா. நிதானமா பண்ணு."

நிதானமாகவே செய்தாள். மூன்றாம் அறையின் குளிர், கதவு திறந்ததில் கொஞ்சம் குறைந்திருந்தது, திரும்பவும் தன் அளவுக்கு வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். கடைசியில் அவளுக்குப் படம் பிரிந்து இரண்டு திரையிலும் அகலமாக வந்தது. குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள்.

"நீ கெட்டிக்காரன்டா. அவருக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது."

வேறு என்னென்ன செய்யலாம் என்று கேட்டாள். அதையும் சொல்லிக் கொடுத்தேன். இரவுக் காவலுக்கு வாட்ச்மேன் வந்து மூன்றாம் அறையைத் திறந்தபோது நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் மாட்டிக்கொண்டது எனக்குத் தெரியும். அழுத்தியது தெரியும். கதவு என் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். எழுந்திருக்கவில்லை. இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை வருடம் வேண்டுமானாலும் போடுங்கள். நிபுணர் எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிடுங்கள், ஐயா. அக்கா அதைப் படித்தால், தம்பிக்கு இரண்டு மானிட்டர் மாட்டத் தெரியவில்லை என்றல்லவா நினைத்துக்கொள்வாள்.