உள்ள யாரு?

— இன்னும் ஒரு மாசம் டைம் குடுன்னு கேக்காத, முனிலட்சுமி. இந்த வாரமே வீட்டக் காலி பண்ணு.

— ரூபாக்கா, வயித்தால போற புள்ளைய வெச்சிக்கிட்டு நான் எங்கக்கா போறது?

— அதனாலதான் சொல்றேன். கீழ ஆறு வீட்டுக்கும் ஒரே பாத்ரூம். உன் பையன் தினேஷ் உள்ள போனா மத்தவங்க பக்கெட்ட வெச்சிக்கிட்டு நிக்கிறாங்க. ஓனர்னு எங்கிட்டதான வந்து கத்துறாங்க?

— அவன் வேணும்னா போறான்? மூணு மாசமா பேதி. போன வருசத்து டவுசர் இடுப்புல நிக்கல. மோஷன் டெஸ்ட் பாத்துட்டு, தண்ணியில இருந்துதான் கிருமி வந்திருக்கும்னாரு டாக்டரு. தண்ணி சம்ப்ப ஒருவாட்டி தொறந்து பாருங்கக்கா. செப்டிக் டேங்க ஒட்டியே இருக்குது, விரிசல் விட்டிருந்தா...

— மெதுவா பேசுடி! இது வெளிய போனா மத்திகிரியில எவன் நம்ம வீட்டுக்கு வாடகைக்கு வருவான்? இந்தா பாரு, மாடியில நாங்களும் அதே தண்ணிதான் குடிக்கிறோம். எங்க சுவாதிக்கு என்ன ஆச்சு? அவளும் உன் பையன் கிளாஸ்தான்.

— சுவாதியும் எளைச்சுதான்க்கா போயிருக்குது. பாவாடைக்கு ஊக்கு குத்திதான அனுப்புறீங்க.

— அது உசரமாவுற வயசு. என் பொண்ணப் பத்தி பேசாத, ஆமா! இன்னிக்கு சாயந்திரம்கூட எவ்ளோ நேரம் உள்ளயே இருந்தான் தெரியுமா? கதவத் தட்டுறேன், யாருன்னு கேக்கறேன், மூச்சே விடல. அவ்ளோ திமிரு உன் பையனுக்கு.

— இன்னிக்கா?

— இன்னிக்கேதான். நேத்தும்தான்.

— நாலு நாளு நல்ல தண்ணி குடிக்கட்டும்னு தினேஷ ஞாயித்துக்கிழமையே சூளகிரியில எங்கம்மா வூட்டுல வுட்டுட்டு வந்துட்டேன்க்கா.

— பொய் சொல்லாத. அப்போ உள்ள யாரு?

— வேணாம்க்கா, வுடுங்க.

— கேக்கறேன் இல்ல?

— சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்க்கா.

— யாருக்குடி சத்தியம்?

— சுவாதிக்கு. நேத்து ஷிப்ட் முடிஞ்சி வரப்போ பாத்ரூம் கதவாண்ட பாத்தேன். மாடியில அடிக்கடி போனா உங்களுக்குத் தெரிஞ்சிடுமாம், அதான் கீழ வருது. "ஆன்ட்டி, எனக்கும் தினேஷ் மாதிரிதான்னு தெரிஞ்சா, அம்மா என்னையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்களா"ன்னு கேட்டுச்சுக்கா.