குளத்துல கெடக்குற துர்க்கை

மியூசியத்துலேர்ந்து வந்துட்டு அதையா சார் போட்டோ புடிக்கிறீங்க? வேணாம், பிலிம் வேஸ்டு. அது சிமெண்ட் துர்க்கை. படப்பையில செஞ்சி லாரியில ஏத்திக்கினு வந்தது. மூஞ்சப் பாருங்க, ரோஸ் பவுடர் அப்பினாப்ல. எருமைத் தலை மேல நிக்கிறாளா, பஸ்ஸுக்கு நிக்கிறாளான்னே தெரியல.

எல்லாம் எங்கூரு தர்மகர்த்தா தசரதன் வேலை. கும்பாபிஷேகம் பண்றேன்னு கெளம்பினாரு. தூணெல்லாம் பச்சை எனாமல். அந்த யாளி வாயில ஒரு கல்லுருண்டை கெடக்கும் சார், கைய வுட்டு உருட்டலாம், வெளிய மட்டும் வராது. எந்த மவராசன் கொடஞ்சானோ! குருவி கூடு கட்டுதுன்னு அதுல சிமெண்ட்ட அடைச்சிட்டாரு. தன் பேரை மட்டும் தூண்ல நல்லா ஆழமா வெட்டிக்கினாரு.

பழைய துர்க்கையா? அவ இந்தச் செவுத்துலதான் இருந்தா. இடுப்ப லேசா ஒடிச்சிக்கினு, வாடா பாக்கலாம்னு நிப்பா. சுண்ணாம்பு ஏறிப்போச்சின்னு உளியால சொரண்டச் சொன்னாரு இவரு. சங்கு புடிச்ச கையில வெரலுங்க தெறிச்சிடிச்சி. ஒடைச்சது இவரு ஆளு. ஆனா, பின்னமான சிலை கோயில்ல இருக்கக்கூடாது, ஊருக்கு ஆவாதுன்னு தூக்கி குளத்துல போட்டுட்டாரு. உங்ககிட்ட அப்டி ஒரு சிலையே இல்லன்னாரா? சொல்வாரு, சொல்வாரு. வாய் கூசாத மனுஷன்.

வாங்க, எடத்த காட்றேன். அதோ, வடக்குப் படிக்கட்டுக்குக் கீழ. தண்ணி வத்திக்கீது, கவுந்து கெடக்குறா, முதுகு தெரியுது பாருங்க. தசரதன் கோச்சிப்பாரா? கோச்சிக்கட்டும். அவரு மொறைச்சா எனக்கின்னா சார்?

கயிறு நான் புடிக்க முடியாது, உங்க ஆளுங்கள கூப்டுங்க. கையா? ஒண்ணுமில்ல சார், தகடு அடிக்கிற பிரஸ் மிஷின்ல போச்சி. ரோட்டு மேல கம்பெனி கீதே, அங்க. மூணு வெரலு. அந்த வேலைக்கு என்னை சேத்துவுட்டதே தசரதன்தான். அவரு புள்ளைக்குத்தான் என்னை நிச்சயம் பண்ணியிருந்தாங்க. வரப்போற மருமவ வூட்ல ஏன் சும்மா கீதுன்னு கொண்டும்போயி வுட்டாரு. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, கையப் பாத்தாரு, எங்கப்பாகிட்ட சொல்லிட்டுப் போயிட்டாரு. அதே வார்த்தைதான் சார். பின்னமானது வூட்டுக்கு ஆவாதாம்.

மெதுவா தூக்குங்கப்பா. மெட்ராஸ் மியூசியத்துல நிக்க வெப்பீங்கல்ல சார்? வையிங்க. அந்தக் கைய மட்டும் ஒட்ட வெச்சிடாதீங்க. தசரதன் டிக்கெட் வாங்கிக்கினு வந்து பாக்கட்டும்.