இருபத்திரண்டு நிமிஷப் பாடம்

— அந்த வீடியோவ இப்பவே நீக்கிடுங்க மேடம். அ... அதுக்குத்தான் லீவு போட்டுட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.

— முதல்ல உக்காருங்க கணக்கு சார். அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. இதுக்காகவா இவ்வளவு தூரம்? ஒரு போன் பண்ணியிருந்தா போதாதா?

— போன்ல எனக்குப் பே... பேச்சே வராது மேடம். உங்களுக்குத் தெரியாததா?

— சரி, நிதானமாச் சொல்லுங்க. நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல.

— மாசாமாசம் பாடம் எடுத்து உங்க மையத்துக்கு அனுப்பறேன். நீங்க அத நாப்பது பள்ளிக்கூடத்துக்கும் ஏத்தறீங்க. அதுல நான் திக்கறது ஒரு இடத்துல கூட இருக்காது. வரி வரியா வெட்டி, ஒட்டி, ஆறு நிமிஷத்துக்குக் கொண்டு வர்றதுக்குள்ள ரெண்டு ஞாயித்துக்கிழமை போயிடும். இந்தத் தடவ வெ... வெட்டாதத அனுப்பித் தொலைச்சிட்டேன். இருபத்திரண்டு நிமிஷம்! மானமே போச்சு.

— வகுப்புல பேசித்தானே ஆகணும்? அங்க எப்படிச் சமாளிக்கறீங்க?

— போர்டுல எழுதிடுவேன். பேச்சக் குறைச்சுக்குவேன். என் பசங்களுக்குப் பழகிடுச்சு. ஆனா நாப்பது பள்ளிக்கூடம்னா? முகம் தெரியாத பிள்ளைங்க. இனிமே நான் பாடம் எடுக்கறதா இல்ல மேடம். வேற ஆளப் பாத்துக்கங்க.

— நான் அத முழுசாப் பாத்தேன் சார்.

— ஐயையோ.

— ஸ்டூலக் கவுத்துப் போட்டு, கீழ இருக்கற காகிதம் தெரியற மாதிரி அதோட காலுங்க நடுவுல போனைக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க போல. ஓரத்துல ஸ்டூல் காலு தெரியுது. இப்ப பாதி டீச்சருங்க வீட்டுல ஸ்டூலு தலைகீழாத்தான் நிக்குது.

— அதுல நான் தப்பாவும் சொல்லியிருக்கேன் மேடம். முக்கால அரையால வகுத்தா எத்தனைன்னு கேட்டுட்டு, நானே ஒன்னேகால்னு சொல்லிட்டேன். ஒன்றரைன்னு வரணும். ஒரு கணக்கு வாத்தியார் சொல்ற பதிலா அது?

— அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க? அதையும் சொல்லுங்க.

— கா... காகிதத் துண்ட வச்சுச் சரிபார்த்தேன். முக்கால் நீளத்துல அரைத் துண்டு ஒரு தடவ அடங்குது. மீதி ஒரு கால் துண்டு நிக்குது. அதப் பாத்துட்டுத்தான் ஒன்னேகால்னு உளறியிருக்கேன். ஆனா நாம அளக்கறது அரைத் துண்டால. அந்தக் கால், அரையில பாதி. அப்ப ஒன்னும் பாதியும், ஒன்றரை.

— அதக் கண்டுபிடிக்க நாலு நிமிஷம் ஆச்சு. ஒரு பேச்சு இல்ல. பென்சில் மட்டும் மேசையில டொக்கு டொக்குன்னு தட்டுது.

— நடுவுல என் வீட்டுக்காரி வேற, தக்காளி தீந்துபோச்சுன்னு கத்தறா!

— கதையக் கேளுங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதியிருக்காங்க. நீங்க ஒன்னேகால்னதும் பிள்ளைங்க எல்லாம் சரி சரின்னு தலையாட்டிடுச்சாம். நீங்க பேசாம இருந்த நேரத்துல ஒரு வாலு எந்திரிச்சு, 'சார், தப்பு!'ன்னு திரையப் பாத்துக் கத்தியிருக்கு. அவ்வளவுதான், வகுப்பே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை. டீச்சர் வீடியோவ நிறுத்திட்டு ஆளுக்கொரு காகிதத்தக் குடுத்திருக்காங்க. மணி அடிச்சும் ஒருத்தரும் வெளிய போகலையாம்.

— நிஜமாவா?

— உங்க ஆறு நிமிஷப் பாடத்துக்கெல்லாம் 'நன்றாக இருந்தது'ன்னு ஒரு வரி வரும். அதோட சரி.

— ஆனா சிரிச்சிருப்பாங்களே மேடம். நான் தி... திக்கறதக் கேட்டு.

— சிரிச்சாங்க. தக்காளிக்கு. எட்டுப் பள்ளிக்கூடத்துலேருந்து கேட்டிருக்காங்க, வாங்கிட்டீங்களான்னு.

— தக்காளி வாங்கல. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

— இதக் கொஞ்சம் காதுல மாட்டிக்கங்க. மலையோரப் பள்ளிக்கூடத்துலேருந்து வந்த குரல் பதிவு. ஆறாம் வகுப்புப் பொண்ணு.

— 'சா... சார். மீ... மீதி நிக்கறது கால் துண்டு. ஆனா அ... அளக்கறது அரையால. அதனால அது பா... பாதி.'

— சார்? தண்ணி வேணுமா?

— இன்னொரு தடவ போடுங்க மேடம்.

— பின்னாடி ஒரு சத்தமும் இல்ல, கவனிச்சீங்களா? மொத்த வகுப்பும் அவளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. ரெண்டு வருஷமா இந்தப் பொண்ணோட குரல் எப்படி இருக்கும்னே தெரியாதுன்னு அவங்க டீச்சர் எழுதியிருக்காங்க. உங்க பாடம் முடிஞ்சதும் தானா எந்திரிச்சுப் போயி, டீச்சர்கிட்டேருந்து போனை வாங்கிப் பேசியிருக்கா.

— அந்த வயசுல நான் ப... பதில் தெரிஞ்சும் கையத் தூக்கினதில்ல மேடம். ஒரு நாள் கூட.

— இப்ப பதினேழு டீச்சருங்க வெட்டாத பாடம் அனுப்பியிருக்காங்க. ஒரு அறிவியல் மேடத்துக்கு விளக்கு மூணு தடவ அணைஞ்சுபோச்சு. அத அப்படியே விட்டுட்டு, 'ஏன் அணைஞ்சதுன்னு நீங்க சொல்லுங்க'ன்னு பிள்ளைங்ககிட்டயே கேட்டிருக்காங்க. எல்லாம் உங்களப் பாத்துதான் சார். இப்பவும் அத நீக்கணும்னா சொல்லுங்க, இந்த நிமிஷமே நீக்கிடறேன். உங்க குரல், உங்க இஷ்டம்.

— இ... இருக்கட்டும். அடுத்த பாடத்தையும் வெட்டாமலே அனுப்பறேன். யோசிச்சுப் பாத்தா, என் கை தவறினதும் நல்லதுக்குத்தான். நானா இருந்தா ஜென்மத்துக்கும் அத அனுப்பியிருக்க மாட்டேன்.

— உங்க கை தவறினதால மட்டும் இல்ல சார்.

— என்ன சொல்றீங்க?

— அன்னிக்கு நீங்க ரெண்டையும் அனுப்பியிருந்தீங்க. ஆறு நிமிஷத்தையும் பாத்தேன், இருபத்திரண்டையும் பாத்தேன். உங்கள ஒரு வார்த்தை கேக்காம இதப் போட்டது நான்தான்.