கீழ காலிதான்

இல்ல சார், ஒட்டுக்கேக்கல. கொடியில துணி எடுக்க வந்தேன். மதகுகிட்ட நின்னு போன்ல சொன்னீங்களே, கீழ காலிதான், தாராளமா திறந்துடலாம்னு, அது தானா காதுல விழுந்துச்சு. உக்காருங்க. மழை வலுக்குதேன்னு உங்களை உள்ள கூப்பிட்டது எங்க அண்ணி. எனக்கு அந்த தைரியமெல்லாம் வராது. காலேஜ்ல அட்டெண்டன்ஸுக்கு நான் குரல் குடுத்தாலே யாருக்கும் கேக்காது.

டீ எடுத்துக்குங்க. ஃபிரிட்ஜ் ஏன் மேசை மேல நிக்குதுன்னு பாக்குறீங்களா? போன மழைக்கு ஏத்தினது, அப்புறம் இறக்கவே இல்ல. சுவத்துல பழுப்பா ஒரு கோடு தெரியுதுல்ல, தண்ணி அதுவரைக்கும் வந்துச்சு. உங்களுக்கு மார் அளவு இருக்குமா? உள்ள இருமுறது எங்க அப்பா. கால் ரெண்டும் வராது. கதவைக் கழட்டி, அதுமேல படுக்கவெச்சு, தள்ளிக்கிட்டே கொண்டுபோனோம். ஓசியில படகு சவாரி போனேன்னு இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் கான்கிரீட் சுவர் வந்துச்சு, புது மதகு வந்துச்சு. அதைத் தூக்கினா மொத்தத் தண்ணியும் இங்கதான். எங்களுக்கும் ஒரு சுவர் கேக்கலாம்னு உங்க ஆபீசுக்குப் போனேன். வரைபடத்தை விரிச்சாங்க. எங்க தெரு இருக்கிற இடத்துல வெறும் பச்சைக் கலர். காலி இடத்துக்கு யாரும்மா சுவர் கட்டுவான்னு கேட்டாங்க. சரிங்கன்னுட்டு வந்துட்டேன்.

கேக்குதா? மதகு திறக்குறதுக்கு முன்னாடி ஊதுற சங்கு. அந்தக் குழாயையும் அந்தப் பக்கம் பாத்துதான் வெச்சிருக்காங்க. இன்னிக்குக் காத்து திரும்பியிருக்கு, அதான் இங்க கேக்குது. அடுத்த சங்குக்கு மதகைத் தூக்கிடுவாங்கல்ல?

எந்திரிக்காதீங்க சார், டம்ளர் இன்னும் காலியாகலையே. ஜீப்பா? சார் நடந்து வந்துடுவார்னு சொல்லி, டிரைவரை அப்பவே மேட்டுக்கு அனுப்பிட்டோம்.

ஜன்னலோரமா நின்னா போன் நல்லா எடுக்கும். கீழ ஆள் இருக்குன்னு நாங்க சொன்னா சிரிப்பாங்க. நீங்க சொல்லுங்க, நம்புவாங்க.

கதவை இழுக்காதீங்க, வராது. அண்ணி வெளியில பூட்டி, சாவியைக் கால்வாயில போட்டுட்டாங்க.