இறங்காமல் பன்னிரண்டு கிலோமீட்டர்

தயாளன்: …அப்ப தாம்பரத்துலேர்ந்து இந்த ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கயும் இறங்கலையா?

வினிதா: கேம்ப் ரோடு சிக்னல்ல ஒரு கால மட்டும் ஊனினேன். அது இறங்கினதா?

தயாளன்: ஸ்கேன் ரிசல்ட் சொல்ற அன்னைக்குக்கூட சைக்கிளா? புருஷன் டாக்சியில, பொண்டாட்டி பின்னாடி சைக்கிள்ல…

வினிதா: பின்னாடியா? மேடவாக்கத்துல உங்க டாக்சி மாட்டிக்கிட்டு நின்னுச்சே… நான் தாண்டிப் போனேன்.

தயாளன்: பாத்தேன். ஒரு கை ஆட்டக்கூடாதா?

வினிதா: ஒரு கையால ஓட்டற அளவுக்கு இன்னும் வரல சாமி.

தயாளன்: ஜூன்ல ராஜகீழ்ப்பாக்கம் தாண்டலியே நீ…

வினிதா: முதல் நாள் நம்ம தெருமுனையிலேயே நாக்கு தள்ளிடுச்சு. சைக்கிள ஜாய்சன் பஞ்சர் கடையில போட்டுட்டு ஸ்கூல் வேலைக்கு பஸ் ஏறினேன். அப்புறம் ஒரு வாரம் ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும். அடுத்து செம்பாக்கம் ஏரி…

தயாளன்: அங்க நின்னு போட்டோ அனுப்பின.

வினிதா: நிக்காம ஓட்டினா தண்ணியும் கூடவே ஓடி வரும்ங்க. கால் வலி மறந்து போயிடும். மேடவாக்கத்தத் தொடறதுக்குள்ள ஆடி முடிஞ்சிடுச்சு.

தயாளன்: பெரும்பாக்கம் ஸ்கூல் வரைக்கும் முழுசா வந்த அன்னைக்கு போன்ல அழுதியே.

வினிதா: அழல. வேர்வை கண்ணுல இறங்கிச்சு.

தயாளன்: வேர்வை போன்ல கேக்குமா?

வினிதா: சும்மா இருங்க… கை ஏன் இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு? இப்படித் தாங்க.

தயாளன்: ஏசி.

வினிதா: ம்… ஏசி.

தயாளன்: வினி… கொழுப்பு குறையலன்னு சொல்லிட்டா விட்டுடுவியா?

வினிதா: மாட்டேன். உங்க ஈரல் வருஷக் கடைசி வரைக்கும்தான் தாங்கும்னு டாக்டர் என்கிட்டதான சொன்னாரு. என் ஈரல்ல கொழுப்பு இருக்கு, அதுல பாதிய எடுத்து உங்களுக்கு வெக்க முடியாதுன்னும் என்கிட்டதான் சொன்னாரு. குறையலன்னா கோவளம் வரைக்கும் மிதிப்பேன்.

தயாளன்: உன்ன அறுக்கணுமே…

வினிதா: எடுத்தது மறுபடி வளந்துடும்.

தயாளன்: தழும்பு?

வினிதா: அதுக்குத்தான் புடவைன்னு ஒண்ணு இருக்கு… ஷ்ஷ், யாரோ வராங்க.

ஜெரூஷா: வினிதா மேடம்? நான் ஜெரூஷா, டாக்டர் ரூம்லேர்ந்து வரேன். உக்காருங்க, உக்காருங்க… ஜூன்ல எடுத்தப்ப இருபத்திரெண்டு பர்சன்ட் கொழுப்பு. இப்ப…

வினிதா: சொல்லுங்க சிஸ்டர்.

ஜெரூஷா: நாலு! நம்பாம ரெண்டு தடவ பாத்தாரு டாக்டர். நீங்க தாராளமா குடுக்கலாம்.

வினிதா: நாலா… நாலுங்க…

ஜெரூஷா: அய்யோ, அழாதீங்க மேடம்.

தயாளன்: அது வேர்வைம்மா.

ஜெரூஷா: அப்படி என்ன சைக்கிள் மேடம் அது? எனக்கும் ஒண்ணு வேணும்… சார், ஈரல வாங்கிக்க சம்மதம்னு நீங்க இதுல கையெழுத்துப் போடணும். படிச்சுப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல வரேன்.

வினிதா: இந்தாங்க பேனா.

தயாளன்: பேனா இருக்கட்டும்…

வினிதா: ஏங்க?

தயாளன்: இத வாங்கிக்கற யோக்கியதை எனக்கு இல்ல வினி.

வினிதா: குடுக்கற யோக்கியதை எனக்கு இருக்குன்னு இப்பதான சொல்லிட்டுப் போறாங்க.

தயாளன்: விளையாடாத. நீ இதுல தோக்கணும்னு நான்… காலையில நீ குளிக்கப் போவ இல்ல, அப்ப கீழ போய் ரெண்டு டயர்லயும் பாதிக் காத்த இறக்கி விட்டுடுவேன். முழுசா இறக்கினா பஞ்சர்னு கடைக்குப் போயிடுவ. பாதின்னா தெரியாது… மிதிக்க முடியாம சலிச்சுப் போய் நீயே நிறுத்திடுவன்னு நெனச்சேன். உன்மேல கத்தி படக்கூடாதுன்னுதான் வினி. ஒரு நாள் விடல. இன்னைக்குக்கூட…

வினிதா: தெரியும். இந்த உடம்ப வெச்சுக்கிட்டு மூணு மாடி இறங்கி ஏறிட்டு, மூச்சு வாங்க வாங்க தூங்கற மாதிரி படுத்துப்பீங்களே… முதல் வாரமே தெரியும். பம்பு என் ஹேண்ட்பேக்லதான் கெடக்கு, சாயங்காலம் வந்து அடிச்சு வெப்பேன், காலையில நான்தான் வேணும்னே அடிக்கல. பாதிக் காத்துல மிதிச்சாத்தான் கால் ரெண்டு மடங்கு உழைக்குது… நாலுக்கு எப்படி வந்துச்சுன்னு நெனச்சீங்க? போடுங்க கையெழுத்த.