ஏழு பத்துக்குச் சொன்னது

காலை ஏழு பத்துக்கு ஒரு மனிதனிடம் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான், ஐயா. அந்த நேரத்தில் அவன் வாயில் பல் துலக்கும் நுரை இருக்கும். எதிர்த்துப் பேச வேண்டுமென்றால் முதலில் துப்ப வேண்டும். துப்பிவிட்டு வருவதற்குள் நாங்கள் அடுத்த துணுக்குக்குப் போயிருப்போம்.

முப்பத்தோரு வருடமாக அந்த நுரையை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. வானொலியில் தினமும் மூன்று நிமிடம், மூன்று விசித்திரச் செய்திகள். எழுதுவது நான். வாசிப்பது ஓர் அம்மாள். சில்லறையைத் தரையில் கொட்டியது போலச் சிரிப்பார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் சில்லறை என்றே பெயர். எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவைப்பேன். சரியாக அந்த இடத்தில் கொட்டுவார்.

நீங்கள் எங்கள் வானொலி நிலையத்துக்கே வந்து என் சம்பந்தியைப் பற்றிக் கேட்டீர்கள். திங்கட்கிழமை மதியத்திலிருந்து காணவில்லை என்று என் மகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு மாமனார், அவள் பதறுவது நியாயம். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மறைக்கிற எண்ணம் கிடையாது. ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். முறைப்படி சொல்கிறேன். நீங்கள் தேநீரைக் குடியுங்கள், ஆடை படிகிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் நிலையத்தில் செய்திப் பிரிவு என்று ஒன்று உண்டு. கழுத்துப்பட்டை கட்டியவர்கள், நாலு தொலைபேசி வைத்திருப்பவர்கள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது 'நேற்றைய செய்தியில் ஒரு திருத்தம்' என்று வாசிப்பார்கள். என் நிகழ்ச்சியில் இதுவரை ஒரு திருத்தம் வந்ததில்லை. முப்பத்தோரு வருடம். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் மற்றவர்களைப் போலத்தான் நானும் பத்திரிகைகளிலிருந்து பொறுக்கினேன். ஒருநாள் மூன்றாவது செய்தி கிடைக்கவில்லை. மணி ஆறே முக்கால். தலையைச் சொறிந்தேன், வந்தது. தபால் பெட்டிக்குள் மைனா குஞ்சு பொரித்துவிட்டதால் ஒரு தெருவில் கடிதமே எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். சில்லறை கொட்டினார். ஊரே சிரித்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பொய் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. மதியம் ஒரு மரத்தில் ஏறி, குஞ்சோடு கூட்டை எடுத்து, எங்கள் தெருமுனைத் தபால் பெட்டிக்குள் வைத்தேன். தபால்காரர் வந்து பூட்டைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டுப் போனார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அவ்வளவுதான் என் குற்றம். மற்றவர்கள் நடந்ததைச் சொல்கிறார்கள், நான் சொன்னதை நடத்துகிறேன். இடையில் சில மணி நேர வித்தியாசம். அதற்கு ஒரு சட்டப் பிரிவு இருந்தால் காட்டுங்கள்.

பல் மருத்துவரின் வரவேற்பறையில் பதினொரு பேருக்கு வலது கால் செருப்பு மட்டும் மாறிப்போன செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். அது நான்தான். நகராட்சிக் கடிகாரம் ஒரு பகல் முழுக்கப் பின்னோக்கி ஓடியதும் நான்தான்; அதற்காக எண்பத்து நாலு படி ஏறினேன், இந்த முழங்காலோடு. விற்கப்பட்ட நாய் ஒன்று இருபது மைல் நடந்து பழைய வீட்டுக்கே திரும்பி வந்த செய்திக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் வந்தது. அதுவும் உண்மை. மூன்றாவது நாய் திரும்பி வந்தது. முதல் இரண்டும் என்ன ஆயின என்று தெரியாது. செய்தியில் ஒரு நாய் என்றுதான் இருந்தது.

பிறகு அந்தப் பெயிண்டர். இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தவர் மெத்தை வண்டிமேல் விழுந்து, எழுந்து, நடந்து போனார் என்று ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னோம். மெத்தை வண்டியை நான்தான் வரவழைத்து நிறுத்தினேன். ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன் என்று போய் நின்றதும் நான்தான். அந்த ஆள் எடை குறைவு, கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டார். இப்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார். நடக்கிறார், ஐயா. அதைத்தான் சொல்ல வருகிறேன். திருத்தம் தேவைப்படவில்லை.

என் சம்பந்தி எடை, அளவுச் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காய்கறிக்காரர் தராசைத் தூக்கினாலே இவர் கண் முள்ளின்மேல் போய் நிற்கும். கைப்பேசி கிடையாது, கைக்கடிகாரம் போதும் என்பார். காலையில் வானொலி முன்னால் நோட்டோடு உட்கார்ந்து என் துணுக்குகளை நேரம் போட்டுக் குறித்துவைக்கிற பழக்கம் அவருக்கு. ரசிக்கிறார் என்று நினைத்துப் பத்து வருடம் பெருமைப்பட்டேன். போன வாரம் அவர் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க அந்தப் பெயிண்டர் வந்திருக்கிறார். பேச்சுவாக்கில் ஏணியைப் பிடிக்க வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வலது காதில் முடி வளர்ந்த பெரியவர் என்று.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக் கூடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"சம்பந்தி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார்.

"கோவிச்சுக்கற மாதிரி கேட்டா கோவிச்சுக்கறேன்."

நோட்டைப் பிரித்தார். "அந்தப் பெயிண்டர் விழுந்தது பதினொண்ணரைக்கு. நீங்க சொன்னது ஏழு பத்துக்கு. நாலு மணி இருவது நிமிஷம் முன்னாடியே சொல்லிட்டீங்க."

"அப்போ எங்க நிலையம் முந்திக்கிச்சு. பாராட்டுங்க."

"விளையாடாதீங்க. அந்த ஆளுக்கு ரெண்டு குழந்தைங்க. ஏணில கால் வைக்கும்போதெல்லாம் நடுங்கறான்."

மகள் தேநீரோடு வந்தாள். "அப்பாவும் மாமாவும் என்ன குசுகுசுன்னு பேசிக்கறீங்க?"

"உங்கப்பாவுக்கு எடை போடறேன்மா," என்றார் சம்பந்தி. "முள்ளு ஒரு பக்கமாவே சாயுது."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் போலீசுக்கெல்லாம் போக மாட்டேன். குடும்பம் இருக்கு. ஒரே ஒரு வரி போதும். 'அந்தச் செய்தி தவறு, வருந்துகிறோம்'னு உங்க நிகழ்ச்சியிலயே வாசிக்கச் சொல்லுங்க. இல்லேன்னா புதன்கிழமை உங்க இயக்குநரைப் பாக்க நேரம் வாங்கியிருக்கேன். நோட்டோட போவேன்."

மனிதர் என்ன கேட்கிறார் பாருங்கள். மாப்பிள்ளைக்கு வண்டி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். என் ஒரு சிறுநீரகம் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். திருத்தம் கேட்டார். அதுவும் உண்மையான ஒரு செய்திக்கு.

நான் அவரோடு சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. திங்கட்கிழமை காலை வழக்கம்போல வேலைக்குப் போனேன். சனிக்கிழமை நிகழ்ச்சியைத் திங்களன்றே பதிவுசெய்துவிடுவோம். சனிக்கிழமை சில்லறைக்கு விடுமுறை. மூன்றாவது செய்தியாக இதை எழுதிக் கொடுத்தேன்: 'பழைய ஒலிப்பதிவு அறையில் தவறுதலாக மாட்டிக்கொண்ட ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் ஆறாவது நாள் நலமாக வெளியே வந்தார். வந்ததும் தன் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்தார். நாலு நொடிதான் பிந்தியிருந்தது.' நாலு நொடிக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. பிரமாதமாகக் கொட்டினார் அம்மாள். பதிவுக்கூடத்தில் இருந்த பொறியாளர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மதியம் சம்பந்தியைக் கூப்பிட்டேன். "முப்பத்தோரு வருஷத்துத் தாளும் கீழ்த்தளத்துல அடுக்கி வச்சிருக்கு. எது தப்புன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன். பொய்யில்லை, தாள்கள் அங்கேதான் இருக்கின்றன. எடை அளவில் இருந்தவரிடம் சரிபார்க்கச் சொல்வது குழந்தையிடம் பலூனைக் காட்டுவது மாதிரி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கிளம்பிவிட்டார். முன்வாசலில் பெயர் எழுது, கையெழுத்துப் போடு என்று படுத்துவார்கள் என்பதால் பின்வாசல் வழியாக அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் அலமாரியைப் பார்த்து, "அடேயப்பா, தேதி வாரியா அடுக்கியிருக்கீங்களே சம்பந்தி" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். நான் கதவைச் சாத்தினேன். வெளித் தாழ்ப்பாள் மட்டும்தான்.

இதை எழுதிக்கொண்டிருந்த உங்கள் காவலர் அம்மா ஏன் எழுந்துவிட்டார்? உட்காரச் சொல்லுங்கள். அவசரத்துக்கு ஒன்றுமில்லை.

அறை வசதியானதுதான். ஒரு காலத்தில் பெரிய பெரிய பாடகர்கள் பாடிய இடம். நாலு விரற்கடை கனத்துக்குக் கதவு, சுவர் முழுக்கப் பஞ்சு. உள்ளே வெடி வெடித்தாலும் வெளியே கேட்காது. தண்ணீர் அவரே அரை பாட்டில் கொண்டுவந்திருந்தார், அளந்து குடிக்கிற மனிதர். காற்றுக்கு விசிறி உண்டு. அதன் சுவிட்ச் வெளியே, நடைவழி விளக்கோடு சேர்ந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் காவலாளி எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவார். நான் அணைக்கவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நான் போட்டிருக்கலாமே என்பீர்கள். இன்னொருவர் வேலையில் தலையிடுகிற பழக்கம் எனக்கில்லை.

மகள் செவ்வாய்க்கிழமை கேட்டாள். "அப்பா, மாமாவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. சனிக்கிழமை வந்துடுவாரு."

"எங்க போயிருக்காரு?"

"கணக்கு சரிபாக்கப் போயிருக்காரு."

ஒரு வார்த்தை பொய் உண்டா? அவள்தான் நம்பாமல் உங்களிடம் வந்திருக்கிறாள். பெற்ற பெண்.

இப்போது உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வியாழக்கிழமை. நீங்கள் இப்போதே ஆளை அனுப்பித் திறந்தால் அது நான்காவது நாள் ஆகிவிடும். சனிக்கிழமை ஏழு பத்துக்கு ஆறாவது நாள் என்று ஊர் முழுக்கக் கேட்கப்போகிறது. பிறகு திருத்தம் வாசிக்கச் சொல்லி எல்லோரும் என் கழுத்தைப் பிடிப்பார்கள். நான் வாசிக்கக் கொடுக்க மாட்டேன். தூக்கில் போட்டாலும் கொடுக்க மாட்டேன். இரண்டு நாள் பொறுத்தால் எல்லாமே உண்மையாகிவிடும். அவரே நடந்து வந்து உங்களிடம் மணி கேட்பார்.

அந்த அம்மா ஓடுகிறார். ஓடட்டும். மின்தூக்கி கீழ்த்தளம் வரை போகாது, படியில் இறங்கச் சொல்லுங்கள்.

நீங்கள் பார்க்கிற மாதிரி நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. தினமும் இரண்டு வேளை கீழே போய் விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். சத்தம் வராது என்றாலும், கதவின்மேல் உள்ளங்கையை வைத்தால் உள்ளே தட்டுவது தெரியும். செவ்வாய்க்கிழமை பலமாகத் தட்டினார். மூன்று மூன்றாக, இடைவெளி பிசகாமல், அதிலும் அளவுதான். புதன்கிழமை காலையில் மெதுவாகத் தட்டினார். மதியத்திலிருந்து தட்டவில்லை. இடம் பழகிவிட்டது.