ஆள் இருக்கும் வண்டி

இன்ஸ்பெக்டர் அய்யா, இந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் கிடைத்தவர்களை நான் பார்த்ததே இல்லை. கிடைத்ததாகச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பின்பக்கத்துப் பார்க்கிங் விடிந்ததும் நிரம்பிவிடும். அதற்கு அப்பால் தெருவெல்லாம் வீட்டுக்காரர்கள் பூந்தொட்டியையும் உடைந்த நாற்காலியையும் போட்டு மறித்திருப்பார்கள். ஆனால் முகப்பில், படிக்கட்டுக்கு நேர் எதிரே, மர நிழலில் அருமையான இடம் ஒன்று காலியாகவே கிடக்கும். அங்கே ‘நோ பார்க்கிங்’ பலகை இருக்கிறது. நிறுத்தினால் கிரேன் வண்டி வந்து தூக்கிப் போய்விடும்.

தினமும் இங்கே காரை விட்டு ரயிலேறி அலுவலகம் போகிறவன் நான்; ஒரு நிறுவனத்தில் மனிதவள அதிகாரி. ஒழுங்கு, நேரம் தவறாமை, மனிதவளத்தை வீணாக்காமை பற்றியெல்லாம் வகுப்பெடுப்பவன். அப்படிப்பட்டவன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து வகுப்புக்குள் நுழைந்தால் பின்வரிசையில் சிரிக்கிறார்கள். இதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒருநாள் கிரேன்காரர் அந்த இடத்தில் ஒரு காரை விட்டுவிட்டு அடுத்த காரைத் தூக்கினார். ஏன் என்று கேட்டேன்.

“உள்ள ஆள் இருக்கு சார். ஆள் இருந்தா தொட மாட்டோம். அது எங்க ரூல்.”

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது, என் மாமனார் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீதிமன்ற வாசலில் நின்று, வழக்குக்கு வந்தவர்களின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவதுதான் அவர் பார்த்த வேலை. இப்போது ஞாபகம் தேய்ந்துவிட்டது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது. என் மனைவியும் வேலைக்குப் போகிறவள்; அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கென்று ஒரு பகல் மன்றம் இருக்கிறது, கேரம் உண்டு, பேச்சுத்துணை உண்டு, நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறேன் என்று சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்கள நான் தப்பா நெனச்சிருந்தேங்க” என்றாள்.

கல்யாணமானதிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தினமும் காலையில் மாமாவோடு முகப்பில் வந்து நிறுத்துவேன். “ஒரு நிமிஷம் இருங்க மாமா, டிக்கெட் வாங்கிட்டு வந்துடறேன்” என்பேன். “பொறுமையா வாங்க மாப்பிள்ளை, நான் எங்க போயிடப் போறேன்” என்பார். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், “என்ன மாப்பிள்ளை, கூட்டம் ஜாஸ்தியோ?” என்பார். அவருக்கு அது ஒரு நிமிடம்தான் அய்யா. முழு நாளும் எனக்குத்தான், அதுவும் அலுவலகத்தில். யார் கஷ்டப்பட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

வசதிக்குக் குறை வைக்கவில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். கண்ணாடியைக் காற்று வரும் அளவுக்கு இறக்கி வைத்தேன். மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாடு பக்கத்திலேயே இருக்கும். மன்றத்து சிநேகிதர்களுக்கு என்று அவள் கூடுதலாகக் கட்டுவதை மட்டும் நான் ரயிலில் சாப்பிட்டேன். வீணாகக் கூடாது, பாருங்கள். பாத்ரூம் போக வேண்டும் என்று அவர் கதவைத் திறக்க ஆரம்பித்தபோது காலை டீயை நிறுத்தினேன். பிறகு தண்ணீரையும் கொஞ்சம் குறைத்தேன். அப்படியும் திறந்தார். அதனால் பின்சீட்டுக்கு மாற்றினேன். பின்கதவில் சைல்டு லாக் உண்டு; உள்ளேயிருந்து திறக்காது. பெரியவர்களும் குழந்தைகள் மாதிரிதான் என்று எல்லோரும் சொல்கிறார்களே.

மாமாவுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்று கிரேன்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். “எல்லாரும் வண்டிக்கு இன்சூரன்ஸ் போடறாங்க, நீங்க மாமனாரையே போட்டுட்டீங்க சார்” என்று அவர் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். கேலியை ரசிக்கத் தெரிய வேண்டும்.

வீட்டில் சாப்பிடும்போது, “இன்னிக்கு மன்றத்துல என்னப்பா பண்ணீங்க?” என்று மனைவி கேட்பாள். மாமா திருதிருவென்று விழிப்பார். நான்தான் கைகொடுப்பேன். கேரமில் மாமா ஜெயித்தார், தோற்றுப்போன தபால்காரர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார் என்பேன். அந்தத் தபால்காரரின் முழங்கால் வலி தேவலையா என்றுகூட அவள் விசாரிப்பாள்.

இன்று மத்தியானம் மாமா கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். கிரேன்காரர் வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டார். “மாப்பிள்ளை டிக்கெட் வாங்கப் போனாருப்பா, ஆளையே காணோம். கூட்டத்துல மயங்கி விழுந்துட்டாரோ என்னமோ” என்றாராம். தட்டுத்தடுமாறிப் படியேறி, டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் நிமிர்ந்து நின்று, அந்தப் பழைய குரலில் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டாராம். வரிசையே திரும்பிப் பார்த்ததாம். நான் ஆஜராகவில்லை. மாமா நேரே உங்களிடம் வந்து, மருமகனைக் காணவில்லை, தங்கமான பிள்ளை, எப்படியாவது கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று அழுதிருக்கிறார். சாப்பாட்டுப் பையில் இருந்த நம்பரைப் பார்த்து நீங்கள் என் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். காலியான காரைக் கிரேன்காரர் தூக்கிவிட்டார். ரூல் ரூல்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

வெளியே பெஞ்சில் மனைவி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது டம்ளர் என்று நினைக்கிறேன். நான் உள்ளே வரும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“அந்தத் தபால்காரர்?”

“அப்படி யாரும் இல்ல.”

அதற்குத்தான் அழுதாள். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வந்துட்டீங்களா மாப்பிள்ளை, பயந்தே போயிட்டேன். டிக்கெட் கிடைச்சுதா?”

“கிடைச்சுது மாமா” என்றேன்.

ஆமாம் அய்யா, பூட்டியது நான்தான். தண்ணீரைக் குறைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் தவறு எனக்குப் புரிகிறது. மனிதவளத்தில் அனுபவம் உள்ள நான், ஆளைத் தேர்ந்தெடுத்ததில் கோட்டை விட்டுவிட்டேன். கால் நன்றாக இருக்கிற ஆளை வைத்திருக்கக் கூடாது.

ஊரில் என் அப்பா இருக்கிறார். அவருக்கு இரண்டு காலும் வராது. இறங்கி எங்கேயும் போக மாட்டார்.